ரிப்பேரைக் காரணம் காட்டி வாடகையை நிறுத்தினால் காலி செய்ய வைக்க முடியுமா?

சென்னையிலோ மதுரையிலோ உங்கள் வீட்டின் மாடிப் போர்ஷனை மாதம் 15,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசி மழையில் குளியலறைக் கூரை ஒழுக ஆரம்பிக்கிறது. குடியிருப்பவர் சொல்லிப் பார்க்கிறார். நீங்களும் கொத்தனாரிடம் சொல்லிவைக்கிறீர்கள். கொத்தனார் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார். அடுத்த மாதம் வாடகை வரவில்லை. போன் செய்தால், "முதல்ல ஒழுகுறதைச் சரி பண்ணுங்க சார், அப்புறம் வாடகை தர்றேன்" என்கிறார். அதற்கடுத்த மாதமும் அதே பதில்.

இரண்டு பேருக்குமே தங்கள் பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்றும். ஒழுகுகிற வீட்டுக்கு முழு வாடகை எதற்கு என்பது அவர் கேள்வி. வீட்டில் குடியிருந்துகொண்டே வாடகை தராமல் இருப்பது எந்த ஊர் நியாயம் என்பது உங்கள் கேள்வி. தமிழ்நாட்டில் இன்று நடப்பில் உள்ள சட்டம் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ரிப்பேர் ஒரு கணக்கு, வாடகை இன்னொரு கணக்கு. ரிப்பேருக்காக வாடகையில் கைவைக்க ஒரே ஒரு குறுகிய வழியைத்தான் சட்டம் திறந்துவைத்திருக்கிறது. வாடகைதாரர் அந்த வழியில் போயிருந்தால், அதை வாடகைப் பாக்கி என்று சொல்லி அவரைக் காலி செய்ய வைக்க முடியாது. அந்த வழியை விட்டுவிட்டு வாடகையை மொத்தமாக நிறுத்தியிருந்தால் முடியும். இது பிடிபட்டால் மீதி எல்லாம் நடைமுறைதான்.

எந்தச் சட்டம், எந்த ஊருக்கு

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றோடு 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிவுக்கு வந்தது. பெரியவர்கள் சொல்லும் அறிவுரைகள் பல அந்தப் பழைய சட்டத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. "வேண்டுமென்றே பாக்கி வைத்தார் என்று நிரூபிக்க வேண்டும், வழக்கு பத்து வருஷம் ஓடும்" என்பது போன்ற பேச்சையெல்லாம் இன்றைய நிலைக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

புதிய சட்டம் நகர்ப்புறங்களுக்கானது. சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதி, மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகள் இதற்குள் வரும். இவற்றுக்கு வெளியே, கிராம ஊராட்சியில் வீடு இருந்தால் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமும் சிவில் நீதிமன்றமும்தான் வழி. அரசுக் கட்டடங்கள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு.

இந்தச் சட்டத்தின் கீழ் மூன்று படிகள் இருக்கின்றன. முதலாவது வாடகை அதிகாரி. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் இந்தப் பொறுப்பில் இருப்பார். ஒப்பந்தப் பதிவு, வாடகையைத் திருத்துவது, ரிப்பேர், தண்ணீர், மின்சாரம் துண்டிப்பு போன்ற விவகாரங்கள் அவரிடம் போகும். இரண்டாவது வாடகை நீதிமன்றம். காலி செய்யக் கோரும் மனு இங்கேதான் போட வேண்டும். மூன்றாவது, மேல்முறையீட்டுக்கான வாடகைத் தீர்ப்பாயம். வாடகை அதிகாரியிடம் போய்க் காலி செய்ய வைக்கச் சொல்லி மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. கதவு மாறித் தட்டினால் வீணாவது உங்கள் நேரம்தான்.

வாடகைதாரருக்கு இருக்கும் அந்த ஒரே வழி

சட்டத்தின் 15-ஆம் பிரிவு ரிப்பேரைப் பற்றியது. வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலையை நியாயமான காலத்துக்குள் செய்ய மறுத்தால், வாடகைதாரரே ஆள் வைத்து வேலையை முடித்து, அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எந்த ஒரு மாதத்திலும் அந்தக் கழிவு மாத வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது.

மேலே சொன்ன 15,000 ரூபாய் வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஒழுகலை அடைத்து, பெயர்ந்த காரையைப் பூச 18,000 ரூபாய் ஆனது என்றால், முதல் மாதம் 7,500, இரண்டாம் மாதம் 7,500, மூன்றாம் மாதம் 3,000 என்று கழித்துக்கொண்டு மீதியை அவர் கட்டியாக வேண்டும். அப்படிக் கட்டினால் அவர் ஒரு பைசாகூடப் பாக்கி வைத்தவர் இல்லை. அதே ஆள் வேலையும் செய்யாமல், நான்கு மாதம் வாடகையும் தராமல் இருந்தால் 60,000 ரூபாய் பாக்கிதாரர். கூரை ஒழுகுகிறது என்பதற்காக அந்தப் பாக்கி மறைந்துவிடாது.

இங்கே கவனிக்க வேண்டியது, செலவு உண்மையிலேயே நடந்திருக்க வேண்டும் என்பது. "இதைச் சரி செய்ய எப்படியும் முப்பதாயிரம் ஆகும், அதனால் இரண்டு மாதம் தரமாட்டேன்" என்பது கழிவு அல்ல. பில், கொத்தனாருக்குப் பணம் அனுப்பிய விவரம், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படம், அதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் எழுத்தில் சொன்னதற்கான ஆதாரம் ஆகியவை இருந்தால்தான் கழிவு நிற்கும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவிலும் இதே சாயலில் ஒரு விதி இருக்கிறது: வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட ரிப்பேரை, தெரிவித்த பிறகும் நியாயமான காலத்தில் செய்யாவிட்டால், குடியிருப்பவர் செய்து வட்டியோடு வாடகையில் கழிக்கலாம். அங்கேயும் முதலில் வேலை, பிறகுதான் கழிவு.

"நியாயமான காலம்" என்றால் எத்தனை நாள் என்று சட்டம் எண் கொடுக்கவில்லை. என் கருத்தில், மின்கசிவுக்கு ஒரு நாள்கூட அதிகம். கழிவுநீர்க் குழாய் உடைந்தால் இரண்டு மூன்று நாள். மழை விட்ட பிறகுதான் மொட்டை மாடியில் வேலை செய்ய முடியும் என்றால் சில வாரம் ஆவது நியாயம்தான். ஆனால் அதை வாடகைதாரரிடம் எழுத்தில் சொல்லி, அதுவரை தற்காலிகமாகத் தார்ப்பாய் போட்டாவது தடுக்க வேண்டும். "சொல்லியிருக்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் வீட்டுக்காரர்தான் பிறகு மறுத்தவராகக் கருதப்படுவார்.

வீடு குடியிருக்கவே முடியாத நிலைக்குப் போய், எழுத்தில் கேட்டும் வீட்டுக்காரர் செய்யவில்லை என்றால், 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்துவிட்டு வாடகைதாரர் காலி செய்து போகலாம். ஒப்பந்தக் காலம் மீதம் இருக்கிறதே என்று அவரைப் பிடித்துவைக்க முடியாது. வாடகை அதிகாரியிடம் மனு போடுவதும் அவருக்குத் திறந்த வழி. ஆக, சட்டம் அவரைக் கையைக் கட்டிப்போட்டு விடவில்லை. செய்து கழி, புகார் கொடு, அல்லது கிளம்பு என்று சொல்கிறது. "இரு, ஆனால் தராதே" என்று எங்கேயும் சொல்லவில்லை.

இணையத்தில் தேடினால், ரிப்பேர் செய்யாத வீட்டுக்கு வாடகையை நிறுத்திவைக்க உரிமை உண்டு என்று அடித்துச் சொல்லும் பக்கங்கள் ஏராளமாகக் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவைப் பற்றியவை. வாஷிங்டன் நகரில் வாடகையை நிறுத்தியவர்களைக் காலி செய்ய வைக்க ஒரு நிறுவனம் வழக்குப் போட்டது. 1970-இல் அந்த ஜாவின்ஸ் வழக்கில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், குடியிருக்கத் தகுந்த நிலையில் வீட்டை வைத்திருப்பதும் வாடகை தருவதும் ஒன்றையொன்று சார்ந்த கடமைகள் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு பல மாநிலங்கள் அந்தப் பாதையில் போயின. அது அந்த நாட்டுச் சட்டம். அதைப் படித்துவிட்டுத் தாம்பரத்தில் வாடகையை நிறுத்தினால், தெரியாமலேயே வீட்டை இழக்கும் வழியில் இறங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். வாடகைக்கு இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

எது யார் வேலை

சண்டையில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இதைப் பிரித்து வைத்திருக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது, உள்ளும் வெளியும் உள்ள ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குடியிருப்பவரே இடித்துக் கெடுத்தது மட்டும் இதில் விலக்கு.

குழாயையும் அதன் வாஷரையும் மாற்றுவது, சாக்கடை அடைப்பை எடுப்பது, கழிப்பறை, வாஷ்பேசின், கீசர் ரிப்பேர், சுவிட்ச், பிளக் பாயின்ட், அடுப்படிப் பொருத்துகள், தாழ்ப்பாள், பூட்டு, கொசு வலை, உடைந்த ஜன்னல் கண்ணாடி இவையெல்லாம் வாடகைதாரர் பொறுப்பு. கீசர் ஓடவில்லை என்பதற்காக வாடகையைக் கழிப்பவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. கூரையில் கம்பி தெரியக் காரை விழுகிறது என்றால் வீட்டுக்காரர் தப்பிக்க இடம் இல்லை.

மோட்டார், சம்ப் சுத்தம் செய்வது, செப்டிக் டேங்க் போன்றவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல் ஃபிளாட் குளியலறையிலிருந்து கசிகிறது என்றால், மேல் வீட்டுக்காரரோடும் சங்கத்தோடும் மோத வேண்டியது நீங்கள்தான். "அது அவங்க வேலை, நீங்க பேசிக்கோங்க" என்று குடியிருப்பவரிடம் தள்ளிவிடாதீர்கள். அவர் ஒப்பந்தம் போட்டது உங்களோடு.

நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்

வீட்டுக்காரர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காலி செய்ய வைக்கும் எண்ணம் இருந்தாலும், முதலில் ரிப்பேரைச் செய்யுங்கள். "வாடகையே தரவில்லை, நான் எதற்குச் செலவு செய்ய வேண்டும்" என்று கோபம் வருவது புரிகிறது. ஆனாலும் செய்யுங்கள். ஒழுகுகிற கூரைக்குள் கம்பி துருப்பிடித்தால் வீங்கி வெடிப்பது உங்கள் கான்கிரீட். அதைவிட முக்கியம், நாளை வாடகை நீதிமன்றத்தில் எதிர்த் தரப்பு சொல்ல இருக்கும் ஒரே கதையை இன்றைக்கே முடித்துவிடுகிறீர்கள். வேலை முடிந்த பிறகும் வாடகை வரவில்லை என்றால், ரிப்பேர் வெறும் சாக்கு என்பதைக் காட்ட வேறு வாதமே வேண்டாம். பல சமயம், கொத்தனார் வேலையை முடித்த வாரமே பாக்கியும் வந்து சேர்ந்து விவகாரம் முடிந்துவிடும்.

உள்ளே வர விடமாட்டேன் என்கிறாரா? வேலை செய்யவும் பார்வையிடவும் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவித்துவிட்டு வீட்டுக்காரர் உள்ளே போகலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆக, "வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு ஆட்களோடு வருகிறேன், குளியலறைக் கூரை வேலைக்காக" என்று எழுதி அனுப்புங்கள். அவர் கதவைத் திறக்கவில்லை என்றால், அந்தக் கடிதமும் அவர் மறுத்ததும் உங்கள் பக்க ஆதாரமாகிவிடும்.

அப்புறம் கணக்கு எழுத உட்காருங்கள். எந்தெந்த மாதம் எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, அவர் ரிப்பேருக்குச் செலவு செய்ததாகச் சொல்லும் தொகை எவ்வளவு, அதில் எது நியாயம் என்று மாதவாரியாகப் போடுங்கள். உண்மையான செலவு இருந்தால் நீங்களாகவே கழித்துவிடுங்கள். கழிக்க வேண்டியதையும் சேர்த்துக் கேட்டால் நோட்டீஸிலேயே ஓட்டை விழுந்துவிடும். பாதிதான் அனுப்பினார் என்றால் அதை வாங்கிக்கொண்டு, எந்த மாதத்துக்கு, இன்னும் எவ்வளவு பாக்கி என்று குறிப்பிட்டு ரசீது கொடுங்கள். ரசீது தருவது வீட்டுக்காரரின் கடமையும்கூட.

வாடகையை வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பி, பிறகு பாக்கி என்று வழக்குப் போடும் தந்திரம் பலிக்காது. வாங்க மறுத்தால் மணியார்டர் போன்ற வழியில் தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்பிப் பார்த்துவிட்டு, வாடகை அதிகாரியிடமே கட்டிவிடும் உரிமை வாடகைதாரருக்கு இருக்கிறது.

பாக்கிக்காகக் காலி செய்யக் கோருவது

ஒப்பந்தக் காலம் நடப்பில் இருக்கும்போது வாடகைதாரரை எந்தெந்தக் காரணங்களுக்காகக் காலி செய்யச் சொல்லலாம் என்பது 21-ஆம் பிரிவில் இருக்கிறது. அவற்றில் ஒன்று வாடகைப் பாக்கி. இரண்டு மாத வாடகையும் இதர கட்டணங்களும் நிலுவையில் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுத் தொகையையும் அவர் கட்டாமல் இருந்திருக்க வேண்டும். இவை மூன்றும் சேர்ந்தால்தான் மனு நிற்கும்.

நோட்டீஸை எப்படிக் கொடுப்பது என்பதற்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவைச் சட்டம் கைகாட்டுகிறது. எழுத்தில் இருக்க வேண்டும், நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ கையெழுத்திட வேண்டும். தபாலில் அனுப்பலாம், நேரில் அவரிடமோ, வீட்டில் உள்ள குடும்பத்தினரிடமோ, வேலையாட்களிடமோ கொடுக்கலாம், அதெல்லாம் முடியாதபோது வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. எதில் அனுப்பினாலும் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு பிரதி அனுப்புவது நல்லதுதான். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

நோட்டீஸில் வீராவேசமான வசனங்கள் தேவையில்லை. எந்த வீடு, எந்த ஒப்பந்தம், எந்தெந்த மாதம், எவ்வளவு, வட்டி எவ்வளவு, ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால் வாடகை நீதிமன்றம் போவேன் என்பது போதும். ரிப்பேரைப் பற்றி ஒரு பத்தி கட்டாயம் எழுதுங்கள். அவர் எப்போது சொன்னார், எப்போது வேலை நடந்தது, எவ்வளவு கழிவு கொடுத்திருக்கிறீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். மறைத்துவிட்டு, பதில் நோட்டீஸில் அவர் எழுதி நீதிமன்றம் முதன்முறையாகத் தெரிந்துகொள்வதைவிட நீங்களே சொல்வது மேல்.

அந்த ஒரு மாதத்துக்குள் அவர் முழுவதும் கட்டிவிட்டால், பாக்கியைச் சொல்லிக் காலி செய்ய வைக்க முடியாது. சில வீட்டுக்காரர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இது சரியான ஏற்பாடு என்றுதான் படுகிறது. பணம் வந்துவிட்டது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாற வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சலுகையை அவர் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொண்டே இருக்க முடியாது. ஒரு முறை தப்பித்தவர் அதன்பின் ஓர் ஆண்டில் தொடர்ந்து இரண்டு மாதம் மறுபடி பாக்கி வைத்தால் இந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காது.

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும்: "அட்வான்ஸ் ஒண்ணரை லட்சம் உங்ககிட்டதானே இருக்கு, அதுல கழிச்சுக்கோங்க" என்பார்கள். சட்டம் மூன்று மாத வாடகையை அட்வான்ஸுக்கு அளவாகச் சொன்னாலும், சென்னையில் இன்றும் பத்து மாதம் வாங்குவது நடக்கிறது. அட்வான்ஸ் என்பது காலி செய்யும்போது கணக்குப் பார்த்துத் திருப்பித் தருவதற்கான பாதுகாப்புத் தொகை. மாதாமாதம் அதில் எழுதிக்கொள்ளுங்கள் என்று வாடகைதாரர் தானாக முடிவு செய்ய முடியாது. ஆனால் அளவுக்கு மீறிய அட்வான்ஸைக் கையில் வைத்துக்கொண்டு பாக்கி என்று சொல்வதை நீதிமன்றங்கள் விரும்பியதில்லை. பழைய 1960 சட்டத்தின் கீழ் இந்த வாதம் எடுபட்டு வீட்டுக்காரர்கள் தோற்ற வழக்குகள் உண்டு. பெரிய அட்வான்ஸ் வாங்கியிருப்பவர்கள் வக்கீலிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அக்ரிமென்ட் இல்லாவிட்டால்

இப்போது நடைமுறையில் பெரிய தடங்கல் இதுதான். புதிய சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வீடு விட முடியாது; அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். இதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. ஓர் ஆண்டுக்கு மேல் போடும் குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும் என்பதால், அதைத் தவிர்க்க 11 மாதம் என்று எழுதும் வழக்கம் வந்தது. 11 மாத ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டியதுதான். இது பலருக்குத் தெரியாது. பதியாத காகிதத்தை ஆதாரமாக ஏற்கச் சட்டம் தடை வைத்திருக்கிறது.

ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே காலி செய்யக் கோர ஒரு தனிக் காரணமாகவும் 21-ஆம் பிரிவில் இருக்கிறது. அதனால் ரிப்பேர், பாக்கி என்ற சண்டைக்குள் போகாமலேயே இந்தக் காரணத்தில் மனு போடும் வீட்டுக்காரர்கள் நிறைய. இந்த விதியை எப்படி வாசிப்பது என்பது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. ஒப்பந்தம் எழுதாமல் போனதற்கு யார் காரணம், எப்போது குடிவந்தார் என்பதையெல்லாம் பொறுத்து விஷயம் மாறும். இதில் சொந்தமாக முடிவெடுக்காமல், வாடகை வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டுங்கள்.

செய்யவே கூடாதவை

ஃப்யூஸைப் பிடுங்குவது, மோட்டார் போடாமல் தண்ணீரை நிறுத்துவது, மாடிப்படி விளக்கை அணைப்பது, ஊருக்குப் போன சமயம் பார்த்துப் பூட்டை மாற்றுவது, நாலு பேரை அழைத்துக்கொண்டு போய் வாசலில் நிற்பது. வாடகை வராத கோபத்தில் இதையெல்லாம் செய்துவிட்டு, ஜெயிக்க வேண்டிய வழக்கைத் தோற்பவர்களைப் பார்க்க மனசு கஷ்டப்படுகிறது.

தண்ணீர், மின்சாரம், லிஃப்ட், கழிவுநீர் வசதி போன்ற அத்தியாவசியச் சேவைகளைத் தடுக்கக் கூடாது என்று 20-ஆம் பிரிவு வீட்டுக்காரர், வாடகைதாரர் இருவருக்குமே தடை போடுகிறது. வாடகை அதிகாரி விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திருப்பித் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம், அபராதமும் விதிக்கலாம். பாக்கி இருக்கிறது என்பது இதற்குப் பதில் ஆகாது. பூட்டை மாற்றி வெளியேற்றினால், 1963-ஆம் ஆண்டுக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் அவர் வழக்குப் போட்டு வீட்டின் வசத்தைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் வீடு யாருடையது என்ற கேள்வியே வராது. சட்டப்படி அல்லாமல் வெளியேற்றினீர்களா என்பது மட்டும்தான். அவரைக் காலி செய்ய வைக்கச் சொல்லிக் காவல் நிலையத்துக்குப் போனால் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான்.

வாடகை நீதிமன்றத்தில்

மனுவோடு உறுதிமொழிப் பத்திரமும் ஆவணங்களும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். பதிவான ஒப்பந்தம், வாடகை வந்த வங்கிக் கணக்கு விவரம், மாதவாரி பாக்கிக் கணக்கு, நோட்டீஸ், அது போய்ச் சேர்ந்த அத்தாட்சி, ரிப்பேர் பில்கள், படங்கள் போதும். எதிர்த் தரப்பு பதில் சொல்லும். பெரும்பாலும் விசாரணை இரண்டு கேள்விகளில் வந்து நிற்கும்: அவர் உண்மையிலேயே வேலை செய்து கழித்தாரா, கழித்தது பாதி வரம்புக்குள் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் உங்கள் மனு விழும். வெறுமனே நிறுத்தினார் என்றால் அவர் பக்கம் பலவீனம்.

வழக்கு நடக்கும் காலத்தில் வாடகை நின்றுபோக வேண்டியதில்லை. அதைக் கட்டச் சொல்லும்படி நீதிமன்றத்தில் மனு போடலாம், போடவும் வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, தீர்ப்பு வரும்போது மொத்தமாக வசூலிக்கலாம் என்று இருந்துவிடுகிறார்கள். அதற்குள் பாக்கி அட்வான்ஸைத் தாண்டிப் போயிருக்கும், அவர் காலி செய்து போன பிறகு தேடிப் பிடித்து வசூலிப்பது பெரும்பாடு. வழக்குக் காலத்தில் பணம் வாங்கும்போது, உரிமைக்குப் பங்கமின்றி வாங்குகிறேன் என்று ரசீதில் எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வாடகை உறவை முடிப்பதாக நோட்டீஸ் கொடுத்துவிட்டு, பிறகு சாதாரணமாக வாடகை வாங்கினால், நோட்டீஸைக் கைவிட்டுவிட்டார் என்று எதிர்த் தரப்பு வாதிடும்.

உத்தரவு வந்த பிறகும் அவர் போகவில்லை என்றால், நிறைவேற்றும்படி அதே நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே போய்ப் பூட்டை உடைக்கக் கூடாது. தீர்ப்பில் திருப்தி இல்லாதவர் வாடகைத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு போகலாம்.

சாவி கைக்கு வரும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். மீட்டர் ரீடிங், சுவர், குளியலறை, குழாய் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பாக்கியையும், அவர் பொறுப்பில் உள்ள சேதத்தையும் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவை மட்டும் அதில் பிடிக்க நினைக்காதீர்கள். அட்டவணைப்படி அது உங்கள் செலவு.